அசைவைத் தேடியவர்

எங்கள் லாட்ஜின் கேட்டிலிருந்து வரவேற்பு மேசை வரைக்கும் எண்ணி முப்பது தப்படி. அந்த முப்பது தப்படியை நடந்து வர அவருக்கு ஒருநாள் முக்கால் மணி நேரம் ஆனது. காலில் கோளாறு ஒன்றும் கிடையாது, திடமான ஆள். வேண்டுமென்றே அப்படி நடந்தார். வலது காலைத் தரையிலிருந்து எடுக்காமல் ஒரு விரற்கடை நகர்த்துவார். நிற்பார். பிறகு இடது கால். கை அசையாது, தலை திரும்பாது. கண் மட்டும் முற்றத்து மூலையில் மாட்டியிருந்த கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சுரண்டையிலிருந்து அருவியில் குளிக்க வந்த ஒரு குடும்பம் அறை எடுக்க நின்றுகொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. என்னிடம் வந்து, "அண்ணாச்சி, அன்னா நிக்காருல்லா, அவருக்கு வாதம் இழுத்திருக்கு. ஒரு ஆளும் போய்ப் பாக்கமாட்டேங்கியளே" என்று கோபப்பட்டார். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு தானே அவரிடம் போனார்.

அவர் உதட்டை அசைக்காமல், "தள்ளிப் போங்கம்மா, கெட்டுப் போயிரும்" என்றார்.

அந்த அம்மா பயந்து பின்னால் வந்துவிட்டார்.

ஒருவழியாக மேசைக்கு வந்து சேர்ந்ததும் அவர் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தார். அவரே எழுதிக்கொண்டிருந்த சாப்ட்வேர் அது. கேமராவின் முன்னால் ஏதாவது அசைந்தால் மட்டும் பதிவு செய்யும். அசையாத நேரத்தை விட்டுவிடும். அந்த முக்கால் மணி நேரத்தில் அது பதிந்தது ஒன்றே ஒன்று: தண்ணீர் பாட்டிலோடு வந்த அம்மாவை.

"பிடிக்கல தம்பி. நான் நடந்து வந்தது எங்கனயும் இல்ல" என்றார்.

தன் புரோகிராமைத் தானே ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் இருக்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. லேப்டாப்பில் எதையோ மாற்றிவிட்டு, மறுபடி கேட்டுக்குப் போய் நின்றார். ஏன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், எதற்கு எழுதினாய் என்று ஃபோன் வரும். லாட்ஜில் எல்லோருக்கும் அவர் கேமரா அண்ணாச்சி. ஊர் இலஞ்சி. தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சந்தில் சின்னக் கடை வைத்திருந்தார். கடைகளுக்கும் வீடுகளுக்கும் கேமரா மாட்டிக் கொடுப்பது தொழில். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்.

நான் பார்த்தவரை நாற்காலியில் முழுசாக உட்கார்ந்தது கிடையாது. விளிம்பில் ஒட்டிக்கொண்டிருப்பார், அடுத்த நொடி எழுந்துவிடுவார். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் நம் தோளுக்குப் பின்னால் போய்விடும். "அங்கன என்னமோ அசையுது." திரும்பிப் பார்த்தால் ஜன்னல் திரை. அல்லது காயப்போட்ட வேட்டி. அல்லது ஒரு குரங்கு. இதைச் சொல்லாமல் ஒரு டீயைக் குடித்து முடித்தவர் இல்லை.

அவர் எங்களிடம் வந்தது ஒரு சீசன் தொடக்கத்தில். லாட்ஜ் ஐந்தருவி போகிற ரோட்டில் இருக்கிறது. எட்டுக் கேமரா. ஏற்கெனவே இருந்த ரெக்கார்டர் பெட்டி, காற்று வீச ஆரம்பித்தால் பைத்தியம் பிடித்ததுபோல் எல்லாவற்றையும் பதியும். தென்னை ஓலை ஆடும், சாரல் விழும், தார்ப்பாய் படபடக்கும். மூன்றே நாளில் டிஸ்க் நிரம்பிவிடும். அசைவை உணரும் அளவைக் குறைத்து வைத்தால், பையைத் தூக்கிக்கொண்டு ஒருவன் ஓடினாலும் பதியாது.

பெட்டியை ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, "இது குருட்டுச் சவம் தம்பி. ஒண்ணு எல்லாத்தையும் பாக்குது, இல்லைன்னா எதையுமே பாக்கமாட்டேங்குது" என்றார். பிறகு, தயங்கிக்கொண்டே கேட்டார்: "நானே ஒண்ணு எழுதுதேன். இங்கன வச்சு எழுதிக்கிடட்டுமா? அசையக்கூடிய சாமான் அம்புட்டும் ஒங்க லாட்ஜுல இருக்கு."

மாடியில், யாரும் கேட்காத மூலை அறையைக் கொடுத்தேன். இரண்டு வருஷம் வந்து போனார்.

அவர் எனக்கு அதை விளக்கியது இப்படி. ஒரு படத்தையும் அடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்து என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது சுலபம். எது மாறினால் லட்சியம் செய்யக்கூடாது என்று சொல்லித் தருவதுதான் பாடு. ஓலை ஆடினால் விட்டுவிடு, மழை விழுந்தால் விட்டுவிடு, வெயில் மறைந்தால் விட்டுவிடு. இப்படி விட்டுவிடச் சொல்லிக் கொடுக்கக் கொடுக்க, அது எல்லாவற்றையும் பின்னணி என்று எடுத்துக்கொள்ளப் பழகிவிடும். மிக மெதுவாகப் போகிற மனிதனையும்.

"எதை விடச் சொல்லணும்னு ரோசிச்சா ஒறக்கம் வரமாட்டேங்குது" என்பார்.

ஒரு தடவை விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், மோதிரத்தைக் காணோம் என்று சத்தம் போட்டார். பின்கட்டில் பெஞ்சில் படுத்து எண்ணெய்க்காரரிடம் உடம்புக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டாராம், எழுந்து பார்த்தால் மோதிரம் இல்லையாம். எண்ணெய்க்காரரை விட்டால் அப்போது அங்கே வந்தது கூட்டுகிற அம்மா மட்டும்தான். போலீஸுக்குப் போகிறேன் என்று குதித்தார். அந்த அம்மா அழக்கூட இல்லை, துடைப்பத்தைப் பிடித்தபடி சுவரோடு நின்றார்.

கேமரா அண்ணாச்சி மாடியிலிருந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவருடைய புரோகிராம் அசைவைக் கண்டபிறகு மட்டும் பதிவதில்லை. அதற்கு முந்தைய ஐந்து நொடியையும் நினைவில் வைத்திருந்து சேர்த்துக்கொள்ளும். உட்கார்ந்திருப்பவரின் விரல் அசைவு அதற்குப் போதாது, எண்ணெய்க்காரர் வந்து நின்ற அசைவில்தான் பதிவு தொடங்கியிருந்தது. அதற்கு முந்தைய ஐந்து நொடியில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் மோதிரத்தைக் கழற்றித் தன் துண்டின் முனையில் முடிகிறார். துண்டு அறையில் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

அந்த அம்மா அண்ணாச்சியைக் கும்பிட்டார். எங்களுக்கெல்லாம் திருவிழாவாக இருந்தது. அவர் மட்டும் அந்தக் கிளிப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நொடி முந்தி அவரு கழத்தியிருந்தா இது கெடச்சிருக்காது தம்பி. அஞ்சு பத்தாது."

அன்றைக்கே அதைப் பதினைந்து நொடியாக்கினார்.

ஏன் இந்த மனுஷன் இப்படித் தவிக்கிறார் என்று நான் ஒருநாள் எங்கள் சமையல்காரரிடம் கேட்டேன். அவரும் இலஞ்சிதான். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார்.

அண்ணாச்சியின் அப்பாவுக்கு நடுக்க வியாதி. ஒரு எட்டு வைக்க ஒரு யுகம் ஆகும். ஞாபகமும் போய்விட்டது. அதனால் மகன் வீட்டு வாசலில் கேமரா மாட்டி வைத்திருந்தார். ஒருநாள் மத்தியானம் அப்பாவைக் காணவில்லை. மகன் கடையிலிருந்து ஓடி வந்து பதிவைப் பார்த்தார். வாசலில் ஒரு அசைவும் பதிவாகவில்லை. "வெளிய போகல. உள்ளதான் இருக்காரு" என்று சொல்லிவிட்டார். அம்மா, அக்கம்பக்கத்தார், எல்லோரும் வீட்டுக்குள் தேடினார்கள். கிணற்றில் ஆள் இறங்கியது. வைக்கோலைக் கலைத்துப் பார்த்தார்கள். "ரோட்டுலயும் பாத்துருவோம்" என்று ஒருவர் சொன்னபோதுகூட, "கேமராவுல இல்லையே" என்று மகன் தடுத்திருக்கிறார். மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் கூப்பிடு தூரத்துத் தென்னந்தோப்பில் அப்பா நனைந்து கிடந்தார். உயிர் இருந்தது. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து போய்ச் சேர்ந்தார்.

"அவரு நடந்த நடைக்கு அந்தப் பெட்டி அவர ஆளுன்னே எடுத்துக்கிடல" என்றார் சமையல்காரர். "இது நடந்து ரெண்டு வருசம் இருக்கும். நான் சொன்னதாச் சொல்லிராதீங்க."

நான் சொல்லவில்லை. அவர் முற்றத்தில் நகர்ந்து நகர்ந்து வரும்போது மட்டும் அதன்பிறகு நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

இரண்டாவது வருஷம் ஆடி மாதம். எல்லா அறையும் நிரம்பியிருந்த ஒரு நாள். மேசையில் நான் தலைநிமிர முடியாமல் இருக்கும்போது அவர் வந்து நின்றார். எடுப்பதும் வைப்பதுமாகப் பேனாவை உருட்டினார்.

"தம்பி, தங்கச்சிக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

என் மனைவியைத்தான் கேட்கிறார். லாட்ஜின் துணிமணி, சமையல், வேலையாட்கள் எல்லாம் அவள் பொறுப்பு.

"நல்லாத்தான இருக்கா. என்ன விசயம்?"

"இல்ல, மாடிப்படி கேமராவுல ஒரு பிரச்சினை. ஒரு ஆளு படியேறினா ஒரு கிளிப்பாத்தான் விழணும். தங்கச்சி ஏறினா மட்டும் மூணு நாலாத் துண்டாகுது. நான் புரோகிராம்லதான் தப்புன்னு பத்து நாளா மண்டைய ஒடைச்சுக்கிட்டிருந்தேன். கூட்டுத அம்மா ஏறுதாவ, சமையல்காரரு ஏறுதாரு, அதெல்லாம் ஒண்ணாத்தான் விழுது. பெறகுதான் பாத்தேன். தங்கச்சி நடுவுல நிக்கா. சுவரப் பிடிச்சுக்கிட்டு அசையாம நிக்கா. அசைவு இல்லைன்னதும் இது முடிச்சிருது. பங்குனியில ஒரு தடவையும் நிக்கல. வைகாசியில ஒரு தடவ. இப்ப…"

எனக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான். பங்குனியிலிருந்து இந்த மனுஷன் என் மனைவி படியேறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"எம் பொண்டாட்டி படியேறதப் பாக்கதுக்குத்தான் மாடியில உக்காந்திருக்கியளா?" என்றேன். அறைக்குக் காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படியாக.

அவர் முகம் வெளிறியது. பேனாவை மேசையில் வைத்தார். மேலே போய் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு இறங்கினார். குடையை மறந்துவிட்டு, சாரலில் நனைந்துகொண்டே பஸ்ஸுக்குப் போனார்.

கூட்டம் குறைந்தபின் வரவேற்புக் கம்ப்யூட்டரில் மாடிப்படிக் கேமராவின் பதிவுப் பட்டியலைத் திறந்தேன். அவர் சொன்னதைப் பொய்யாக்க வேண்டும் என்ற வெறியில்தான் திறந்தேன். அன்று காலையில் அவள் துவைத்த விரிப்புகளோடு ஏறியது ஐந்து துண்டுகளாக இருந்தது. ஒவ்வொன்றின் முடிவிலும் அவள் நிற்கிறாள். ஒன்றில் கூடையைப் படியில் வைத்துவிட்டு நெஞ்சை அழுத்திக்கொள்கிறாள். மேலே யாரோ வரும் சத்தம் கேட்டிருக்க வேண்டும். சட்டென்று நிமிர்ந்து, கூடையைத் தூக்கி, சிரிக்கிறாள்.

அவளிடம் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு, "சீசன் முடியட்டும்னு இருந்தேன்" என்றாள்.

மறுநாள் லாட்ஜைச் சமையல்காரரிடம் விட்டுவிட்டுத் திருநெல்வேலிக்குப் போனோம். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. சின்ன வயதில் வந்த காய்ச்சலின் மிச்சம் என்றார் டாக்டர். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தொடை வழியாக ஒரு குழாயைச் செலுத்தி, பலூன் வைத்து வால்வை விரித்தார்கள். பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வந்த அன்றைக்கே சொன்னாள். "படியில இருக்க கேமராவ எடுத்துருங்க."

"அது இல்லைன்னா என்ன ஆயிருக்கும்?"

"அவரு நல்லதுதான் செஞ்சாரு. இல்லைன்னு சொல்லல. ஆனா நான் யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சு நின்ன எடம்லா அது." கையிலிருந்த மாத்திரைப் பட்டையைப் பிரித்தாள். "ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்தா எனக்கு ஒண்ணுமில்ல. அடுத்த ஆளு பாத்துச் சொல்ல வேண்டியதால்லா இருந்துச்சு."



கேமராவை அன்றைக்கே கழற்றினேன். அவருக்கு ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. கடை பூட்டியிருந்தது. அவள் கொஞ்சம் தேறியதும் இரண்டு பேருமாக இலஞ்சிக்குப் போனோம்.

அவருடைய அம்மாதான் கதவைத் திறந்தார். அவர் உள்ளே ஒரு அறையில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார், ஃபேனைப் போட்டார், நிறுத்தினார், மறுபடி போட்டார். நான் கொண்டுபோயிருந்த வார்த்தைகளில் பாதிகூட வரவில்லை.

"அன்னைக்கு நான் பேசினது தப்பு அண்ணாச்சி. ஒங்களாலதான் இவ…"

"அதெல்லாம் இருக்கட்டும்" என்று வேகமாக வெட்டினார். மனைவியைப் பார்த்து, "இப்ப எப்படி இருக்கு தங்கச்சி?" என்றார்.

"நல்லா இருக்கேன் அண்ணாச்சி. ஒண்ணு கேக்கணும். எம் படமெல்லாம் ஒங்ககிட்ட இருக்குல்லா?"

"இருக்கு."

"அழிச்சிருங்க."

அவர் கை லேப்டாப்பின் மேல் போய் நின்றது. "தங்கச்சி, எழுவது கிளிப்பு இருக்கும். நின்னு நின்னு போற ஆள விடாமப் பிடிக்கதுக்கு இத வச்சுத்தான் சரி பண்ணிட்டு இருக்கேன். வேற யாரு படமும் இப்படிக் கெடைக்காது."

"அது ஒங்க வேலைக்கு. எனக்கு வேண்டாம்லா."

நான் குறுக்கே பேசப் போனேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

எதையும் தவறவிடப் பயந்த மனிதர் அவர். பதிந்த எதையும் அழித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த எழுபதும் இருந்த ஃபோல்டரைத் திறந்தார். பிறகு லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்து, "நீங்க பாக்க அழிக்கேன்" என்றார். ஒவ்வொன்றாக அழித்தார். அழிப்பதற்கு முன் ஒன்று மட்டும் தவறி ஓடியது. அவள் தன்னைப் பார்த்தாள். சுவரில் கையூன்றி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள்.

"இப்படியா இருந்தேன்?" என்றாள்.

அவர் அதை நிறுத்தி அழித்தார். கடைசிக் கிளிப்பும் போனபிறகு அவர் எங்களைப் பார்க்காமல், "எங்கப்பா நடந்து போனது ஒரு நொடிகூட எங்கிட்ட இல்ல" என்றார். அவர் அப்பாவைப் பற்றிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவர் அம்மா காபித் தம்ளர்களோடு வாசலில் நின்றிருந்தார். உள்ளே வரவா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். கேட்டைத் தாண்டிவிட்ட மனைவி திரும்பிப் போனாள்.

"அண்ணாச்சி, ஒருநா காலையில லாட்ஜுக்கு வாங்க. கேமராவ நீங்களே மாட்டுங்க. எங்கன நிக்கணும்னு சொல்லுங்க, நிக்கேன். எத்தன தடவ ஏறணும்னாலும் ஏறுதேன். நான் தெரிஞ்சு நடக்கது வேறல்லா."

அடுத்த வாரம் வந்தார். நான் டாக்டரிடம் கேட்டு, மெதுவாக ஏறலாம் என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் விட்டேன். அவள் படியேறினாள். "இங்கன நில்லுங்க தங்கச்சி… சுவரப் பிடிங்க… இன்னும் கொஞ்ச நேரம்… இப்பப் போங்க." அவள் நன்றாக நடித்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகிக்கூடக் காட்டினாள். அவர் பதறி, "அதெல்லாம் வேண்டாம், அதெல்லாம் வேண்டாம்" என்று கையை ஆட்டினார். அவள் சிரித்துவிட்டாள். கூட்டுகிற அம்மாவும் சமையல்காரரும் தாங்களாகவே வரிசையில் வந்து நின்றார்கள். சமையல்காரர் முதுகை வளைத்து ஒரு கிழவரைப்போல நடந்து காட்டினார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. அவர் கேமராவைக் கழற்றி, சுவரில் இருந்த ஆணித் துளையைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு அவர் இங்கே வருவது குறைந்தது. தென்காசிக் கடையைக் காலி செய்துவிட்டார். புனலூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் அவருடைய சாப்ட்வேரைப் போட்டிருக்கிறார்கள், அங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்கிறார் என்று சமையல்காரர் சொன்னார். அந்த இல்லத்தில் அறைக்குள் ஒரு கேமராவும் கிடையாதாம். கேட்டிலும் நடைவழியிலும் மட்டும்தானாம். கேமரா இருப்பதை எழுதி ஒட்டியிருக்கிறாராம். எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஒவ்வொருவராகக் கூட்டிப்போய்க் காட்டிச் சொன்னாராம்.

போன மாதம் ஒருநாள் காலை பத்து மணி இருக்கும், ஃபோன் வந்தது. வணக்கம், நல்லா இருக்கியளா எதுவும் இல்லை.

"தம்பி, பிடிச்சிட்டு."

"என்ன அண்ணாச்சி?"

"இங்கன ஒரு பெரியவரு. நடக்கவே மாட்டாரு, தேச்சுத் தேச்சுத்தான் போவாரு. காலையில ஆரும் பாக்காதப்போ கேட்டத் தாண்டிட்டாரு. நம்ம சாப்ட்வேரு மணி அடிச்சிட்டு. நர்சுப் பிள்ள ஓடிப்போய் ரோட்டுல ஏறுததுக்கு முன்னால பிடிச்சிட்டா. இப்பத்தான் உள்ள கூட்டிட்டு வந்திருக்காவ. டீ குடிச்சிட்டு இருக்காரு."

 பக்கத்தில் நின்ற மனைவியிடம் சொன்னேன். அவள் ஃபோனைக் கேட்டுக் கையை நீட்டினாள். அதற்குள் அந்தப் பக்கம் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஆனா தம்பி, அவரு கதவுலேர்ந்து கேட்டுக்கு வரப் பதினோரு நிமிசம் ஆயிருக்கு. மூணாவது நிமிசமே அடிச்சிருக்கணும். இது பதினோராவதுலல்லா அடிக்கி."

"விடுங்க அண்ணாச்சி. பிடிச்சிட்டுல்லா."

"பிடிச்சிட்டு. ஆனா நடுவுல எட்டு நிமிசம் அவரு கேமராவுக்கு முன்னாலயேதான் நடந்துக்கிட்டிருந்திருக்காரு தம்பி. எட்டு நிமிசம். இது எங்க பாத்துக்கிட்டு இருந்துச்சு?"

"நானே ஒருக்கக் கதவுலேர்ந்து நடந்து பாக்கேன்" என்றார். பின்னால் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஃபோனை வைத்துவிட்டார்.